காட்டச் சொன்னது யார்? சினிமாவில் உடலும் செட்டிநாட்டுக் கண்களும்

எங்கள் அப்பத்தா ரவிக்கை போட்டு நான் பார்த்ததே இல்லை. கனத்த பருத்திக் கண்டாங்கிச் சேலையைப் பின்கொசுவம் வைத்துக் கட்டி, முந்தானையை மார்புக்குக் குறுக்கே இழுத்து இடுப்பில் செருகியிருப்பார். வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், வத்தல் காயப் போடும்போது தோளும் முதுகும் வெயிலில் இருக்கும். நடைவாசலில் வந்து நிற்கிற பால்காரரோ தபால்காரரோ அதைக் கவனித்ததாகக்கூட நினைவில்லை. அதே அப்பத்தாதான், டிவியில் ஒரு பெண் நனைந்த புடவையோடு ஆடும் பாட்டு வந்தால், "அதை அமத்துப்பா" என்பார். "அந்தப் பிள்ளையச் சுத்தி எத்தனை பேரு நின்னு பாக்குறானுக" என்று ஒரு தடவை சொன்னார். பேரப் பிள்ளைகளான எங்கள் கண் அந்தப் பெண்ணிடம் இருந்தது. அவர் கண் பட்டது சுற்றி நின்றவர்களிடம்.

திரையில் நிர்வாணம் பற்றி உலகம் முழுக்க நூறு வருஷமாக நடந்துவரும் சண்டையை அடுக்கிப் பார்த்தால், கடைசியில் அது அப்பத்தா கேட்ட இடத்துக்குத்தான் வந்து சேருகிறது. எவ்வளவு தோல் தெரிகிறது என்று அளந்த காலம் முதலில் வந்தது. எதற்காகத் தெரிகிறது என்று நீதிமன்றம் கேட்ட காலம் அடுத்து வந்தது. யார் சம்மதித்து, யாருடைய முடிவில் தெரிகிறது என்ற கேள்வி இப்போதுதான் கேட்கப்படுகிறது.

உடம்பு தெரிவது ஒன்றே ஆபாசம் என்ற எண்ணம் இந்த மண்ணில் எப்போதும் இருந்ததில்லை. நகரத்தார் என்ற செட்டிநாட்டுச் செட்டியார்களின் கோயில்கள் ஒன்பதில் ஒன்றான வைரவன்பட்டிக்கு ஊர்ப்பெயரே வயிரவரால் வந்தது. நாய் வாகனத்தோடு ஆடையின்றி நிற்பதுதான் வயிரவருக்குச் சிற்ப நூல்கள் சொல்லும் கோலம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்கு வடைமாலை சாத்திக் கும்பிடுகிற அம்மாவுக்கு அதில் கூச்சம் எதுவும் இல்லை. பக்கத்துப் புதுக்கோட்டைச் சித்தன்னவாசலில், சமணக் குடைவரைக் கோயிலில், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஓவியத்து ஆடல் மகளிர் இடுப்புக்கு மேல் நகை மட்டும் அணிந்து ஆடுகிறார்கள். ஆண்களைச் சொல்லவே வேண்டாம். சந்நிதியில் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டுவது மரியாதை. வேட்டியும் தோளில் ஒரு துண்டுமாக ஊர்வலம் வருவது கௌரவம். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேலாடையைத் துறந்ததைத் தமிழகம் தியாகமாகவே பார்த்தது.

இத்தோடு நிறுத்திக்கொண்டு, 'நம் முன்னோர் உடலைக் கண்டு கூசாதவர்கள், வெள்ளைக்காரன் வந்துதான் வெட்கத்தைக் கற்றுக்கொடுத்தான்' என்று எழுதுகிற கட்டுரைகள் நிறைய உண்டு. அது பாதி உண்மை. மீதிப் பாதியை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1930 டிசம்பரில், செட்டிநாட்டின் பெரும்பகுதி அடங்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிதிராவிட மக்களுக்கு எதிராக ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் சட்டையோ பனியனோ போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மூடக்கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிவுசெய்திருக்கிறார். தடையை மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 1859-இல்தான், அதுவும் சில கட்டுப்பாடுகளோடு, மேலாடை அணியும் உரிமையைப் பெற்றிருந்தார்கள்.

ஆக, ஒரே காலத்தில், ஒரே வட்டாரத்தில், ரவிக்கை இல்லாத இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்திக்கு அது வீட்டுப் பழக்கம். இன்னொருத்திக்கு அது தண்டனை. கண்ணுக்குத் தெரிகிற தோலின் அளவு இருவருக்கும் ஒன்றுதான். சினிமாவைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் எதுவுமே விளங்காது.

தமிழ்த் திரையில் இதை நேராகத் தொட்ட படம் ஒன்று உண்டு. சிவகுமாரின் நூறாவது படமாக 1979-இல் வந்த 'ரோசாப்பூ ரவிக்கைக்காரி'. பெண்கள் ரவிக்கை போடாத ஒரு கிராமத்துக்கு வாழ வந்தவள் ரவிக்கை போட ஆசைப்படுவதுதான் கதையின் முடிச்சு. அங்கே மூடுவதுதான் ஊர்வாய்க்கு அவல். மாமியாரின் வெறுந்தோள் யாருக்கும் உறுத்தாது. மருமகளின் ரவிக்கைத் துணி உறுத்தும். அந்தப் படத்தைப் பார்த்த பெரியவர்கள் பலருக்குத் தங்கள் ஊரையே பார்த்த உணர்வு வந்திருக்கும். கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அதோடு ரவிக்கை கட்டாயமாகச் சேர்ந்து வந்து எத்தனை தலைமுறை ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவு வேகமாக வழக்கம் மாறிவிட்டது.

சினிமா வந்த புதிதில் தணிக்கைக்குக் காரணமாக இருந்தது நம் ஒழுக்கத்தின் மேல் வந்த அக்கறை என்று நினைத்தால் தவறு. 1918-இல் சினிமாச் சட்டம் வந்தது. 1920-இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கை வாரியங்கள் அமைந்தன. பொறுப்பு போலீஸ் கமிஷனர்கள் கையில். ஆங்கில அதிகாரிகளை வாட்டிய கவலை வேறு: அமெரிக்கப் படங்களில் வெள்ளைக்காரப் பெண்கள் அரைகுறை ஆடையில் முத்தமிடுவதை இந்தியர்கள் பார்த்தால், ஆளும் இனத்தின் மேல் இருக்கும் பயம் போய்விடுமே என்பது. அந்தக் கவலையும் சேர்ந்துதான் 1927-இல் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மறைக்கச் சொன்னவர்களுக்கு அப்போதும் சொந்தக் காரணம் இருந்தது.

மேற்கிலும் கோடு நேராகப் போகவில்லை. 1933-இல் செக்கோஸ்லோவாகியாவில் எடுத்த 'எக்ஸ்டசி' படத்தில் ஹெடி லமார் ஆடையின்றி நீந்தினார். அடுத்த வருஷமே ஹாலிவுட் தன் நடத்தை விதிகளைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தத் தொடங்கி, 1968-இல் வயதுவாரித் தரவரிசை வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. நம் பக்கத்தில் 1933-இல் 'கர்மா' படத்தில் தேவிகா ராணியும் ஹிமாம்சு ராயும் முத்தமிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1952 சினிமாச் சட்டத்தின் கீழ், அதுவும் திரையில் அரிதாகிப் போனது.

தடை வந்த இடத்தில் என்ன முளைத்தது என்பதுதான் முக்கியம். வெறும் தோலை அளக்கும் விதிக்கு நனைந்த துணி தப்பிவிடும். அருவியும் மழையும் தமிழ்ப் பாட்டுகளுக்குள் அப்படித்தான் ஓயாமல் கொட்டின. புடவை உடம்பை மூடியிருக்கிறது, ஆகவே விதி மீறப்படவில்லை. கேமரா தொப்புள் உயரத்தில் நின்று மெதுவாக மேலே ஏறுகிறது. கேமரா நிற்கும் உயரத்துக்கு விதி கிடையாது. குடும்பத்தோடு பார்க்கலாம் என்று 'யு' சான்றிதழும் வந்துவிடும்.

இதில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்ப செட்டியார், போர்க்காலத்தில் சென்னையை விட்டு வந்து, தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டார். 'நாம் இருவர்' (1947) அங்கேதான் உருவானது. ஏவிஎம் என்றால் குடும்பப் படம் என்ற நம்பிக்கை அதன்பிறகு அரை நூற்றாண்டு நிலைத்தது. 1982-இல் அந்த நிறுவனம் எடுத்த 'சகலகலா வல்லவன்' வசூலில் சக்கைப்போடு போட்டது. இயக்கியவர் காரைக்குடியில் பிறந்த எஸ்.பி. முத்துராமன். கதை எழுதியவர் சிறுகூடல்பட்டிக்காரரான பஞ்சு அருணாசலம். மூன்று பேரும் செட்டிநாடு. அதில் கமல்ஹாசனோடு 'நேத்து ராத்திரி யம்மா' பாட்டுக்கு ஆடினார் சில்க் ஸ்மிதா. நகரத்தார் வீட்டு ஆச்சிமார் உட்பட முழுக் குடும்பமும் போய்ப் பார்த்த படம் அது.

அது எப்படிக் குடும்பப் படமாக ஏற்கப்பட்டது? அந்த உடல் கதாநாயகியின் உடல் இல்லை என்பதால். வீட்டுக்கு வரப்போகிற மருமகள் மூடிக்கொண்டு நிற்பாள். காட்டுவதற்கென்று வேறொருத்தி இருப்பாள். ஜோதிலட்சுமி, ஜெயமாலினி, பிறகு ஸ்மிதா. இந்த ஏற்பாட்டுக்குள் தமிழ்ப் பார்வையாளர் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். அந்த நடிகைகளைப் பார்க்க டிக்கெட் வாங்கிய கூட்டம், அவர்களை மதிக்கவேண்டிய கட்டாயம் தனக்கு இல்லை என்று நினைத்தது. 'மூன்றாம் பிறை'யிலும் அதற்கு வெளியிலும் ஸ்மிதா எவ்வளவு நல்ல நடிகை என்று இன்று எழுதுகிறோம். 1996 செப்டம்பரில் அவர் இறந்தபோது அப்படி எழுதியவர்கள் குறைவு. பிற்பாடு கதாநாயகிகளே அந்த உடைகளைப் போட்டு அந்தப் பாட்டுகளுக்கு ஆடத் தொடங்கியதை 'மனப்போக்கு மாறிவிட்டது' என்று பலர் கணக்கு வைக்கிறார்கள். உடை இடம் மாறியது. பார்வை மாறியதற்குச் சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

சட்டத்தின் பார்வை மாறியதற்குத்தான் தெளிவான தடயம் இருக்கிறது. பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதியைக் காட்டிய ஓர் ஆவணப்படத்துக்காக கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில், 1970-இல் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா தணிக்கை செல்லும் என்றுதான் தீர்ப்பளித்தார். ஆனால் பாலியலும் ஆபாசமும் எப்போதும் ஒன்றல்ல, கலையாக வருவதையும் இழிவாக வருவதையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று அதிலேயே எழுதினார். அதற்கு முந்தைய வருஷம் ஜி.டி. கோஸ்லா குழு, கதைக்குத் தேவையென்றால் முத்தத்தையும் நிர்வாணத்தையும் அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தது. அது ஏட்டளவில் நின்றது.

உண்மையான திருப்பம் 1996 மே மாதம் வந்தது. பூலான் தேவியின் வாழ்க்கையைச் சொன்ன 'பேண்டிட் குயீன்' படத்தில், ஊர்க்காரர்கள் அவரை நிர்வாணமாக்கிக் கிணற்றுக்கு நடத்திக்கொண்டு போகிற காட்சி உண்டு. அதை வெட்டவேண்டும் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் படத்தின் பக்கம் நின்றது. அந்தக் காட்சி யாருக்கும் காமத்தைக் கிளப்பாது. பாதிக்கப்பட்டவர் மேல் இரக்கத்தையும் செய்தவர்கள் மேல் அருவருப்பையும் உண்டாக்கும் என்றது. நாஜி முகாமில் ஆண்களும் பெண்களும் ஆடையின்றி வரிசையாக நடத்தப்படும் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' காட்சியைத் தீர்ப்பே எடுத்துக்காட்டாகச் சொன்னது. அமெரிக்காவிலும் அறுபதுகளின் நடுவில் நடத்தை விதி ஒரு பெண்ணின் திறந்த மார்புக்கு முதன்முதலில் விலக்கு அளித்தது 'தி பான்புரோக்கர்' என்ற படத்துக்குத்தான். அதுவும் நாஜி வதைமுகாமிலிருந்து பிழைத்து வந்தவரின் கதை.

இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது எனக்கு 1930-இன் அந்த எட்டுத் தடைகள் கண்முன் நிற்கும். எங்கள் மாவட்டத்தில் மார்பை மூடவிடாமல் தடுக்கப்பட்ட பெண்ணின் கதையை இன்று ஒருவர் படமாக எடுத்தால், அந்த உடலைக் காட்டாமல் அந்தக் கொடுமையைச் சொல்ல முடியுமா? சொல்லலாம், திறமையான இயக்குநரால் முடியும். ஆனால் காட்டினால் அதை ஆபாசம் என்று வெட்டக்கூடாது என்பதற்கு 1996 தீர்ப்பு பாதுகாப்பு தருகிறது. காமக் கண்ணோடு எடுத்த குலுக்கல் நடனம் குழந்தைகளோடு பார்க்கும் படத்தில் ஓட, அவமானத்தைக் காட்டும் காட்சி கத்தரிக்குப் போகிற நிலையைத் தமிழ் ரசிகர்கள் இன்னும் கோபத்தோடு கேட்கவில்லை. கேட்கவேண்டும்.

சட்டத்துக்கு வெளியே வேறொரு வரலாறு ஓடிக்கொண்டிருந்தது. எண்பது, தொண்ணூறுகளில் காரைக்குடி, தேவகோட்டை மாதிரி ஊர்களில் வளர்ந்த ஆண்களுக்குக் காலைக்காட்சி என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டாம். மலையாளத்திலிருந்து வந்த 'ஏ' படம், சுவரில் மங்கலான போஸ்டர், உள்ளே ஆண்கள் மட்டும். சென்சார் சான்றிதழ் முதலில் திரையில் வரும். படத்தின் நீளம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நீளத்துக்கு மேல் ஓடுகிற துண்டுதான் பிட்டு. வேறேதோ படத்திலிருந்து வெட்டி எடுத்த சுருள் தனியாக வந்து சேரும். ஆபரேட்டர் ரூமில் ஓடவேண்டிய ரீலை வெட்டி, பிலிமின் ஓரத்தை பிளேடால் சுரண்டி, பசை தடவி, பிட்டை நடுவில் ஒட்டுவார்கள். கதையில் ஒருவர் கதவைத் திறப்பார். அடுத்த நொடி வேறு வீடு, வேறு ஆட்கள், வேறு நிறம். மூன்று நான்கு நிமிஷத்தில் பழைய கதை திரும்ப வரும். சோதனை என்று தகவல் வந்தால் அந்தத் துண்டை உருவிவிட்டு இரண்டு முனையையும் ஒட்டிவிடலாம்.

அந்தத் துண்டுகளில் இருந்த பெண்கள் யார், எந்த நாட்டில், என்ன சொல்லி, எதற்காகப் படம் பிடிக்கப்பட்டவர்கள் என்று கொட்டகையில் ஒருவருக்கும் தெரியாது. பெயரே இல்லாத உடல்கள். டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் வந்து, படம் பூட்டிய கோப்பாகவும் தியேட்டருக்குத் தனிச் சாவியாகவும் வரத் தொடங்கியபிறகு, ஒட்டுவதற்கு ரீல் இல்லாமல் அந்த வழக்கம் தானாக ஒழிந்தது.

ஒழிந்த பிட்டு தலைகீழாகத் திரும்பி வந்திருக்கிறது. அன்றைக்குப் படத்துக்குள் பிட்டை நுழைத்தார்கள். இன்றைக்குப் படத்திலிருந்து பிட்டை உருவுகிறார்கள். 'பார்ச்ட்' படத்தில் அடிபட்ட ஒரு கிராமத்துப் பெண்ணாக ராதிகா ஆப்தே நடித்த காட்சி, 2016-இல் படம் இந்தியாவில் வெளியாகும் முன்பே துண்டாகக் கசிந்து வாட்ஸ்அப்பில் சுற்றியது. எதற்காகத் தெரிகிறது என்ற 1996-இன் கேள்விக்கு அந்தத் துண்டில் பதிலே இல்லை, ஏனென்றால் கதை வெட்டப்பட்டுவிட்டது. ஓர் இயக்குநர் எவ்வளவு கண்ணியமாக எடுத்தாலும், பத்து விநாடித் துண்டாக ஒரு தெருமுனைக் கடையில் கைமாறும்போது அது காலைக்காட்சிப் பிட்டாகிவிடுகிறது. 2023-இல் வேறொரு பெண்ணின் உடலில் ராஷ்மிகா மந்தனாவின் முகத்தைப் பொருத்திய காணொளி பரவியபோது, நடிகை நடிக்கவே வேண்டியதில்லை என்ற கட்டமும் வந்துவிட்டது.

இதனால்தான் சம்மதம் என்ற கேள்வி இப்போது நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. 1972-இன் 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' கலைப்படம் என்று கொண்டாடப்பட்டது. அதில் நடித்தபோது மரியா ஷ்னைடருக்கு 19 வயது, மார்லன் பிராண்டோவுக்கு 48. பாலியல் வன்முறைக் காட்சியின் ஒரு முக்கிய விவரத்தை முன்கூட்டி அவரிடம் சொல்லவில்லை என்று இயக்குநர் பெர்டோலுச்சியே பிற்பாடு ஒப்புக்கொண்டார். தான் அவமானப்பட்டதாக ஷ்னைடர் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். உலகம் தாமதமாகத்தான் காது கொடுத்தது. எதற்காக என்ற கேள்விக்கு அந்தப் படம் நல்ல பதில் வைத்திருந்திருக்கலாம். யார் சம்மதித்தார் என்பதற்கு வைத்திருக்கவில்லை. மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா குழு அறிக்கை கேரளத்தில் 2024 ஆகஸ்டில் வெளியானபோது, ஒப்புக்கொண்டதற்கு மேல் உடலைக் காட்டச் சொல்லி வற்புறுத்தப்பட்டதும் அதில் சாட்சியமாக வந்தது. நம் பக்கத்து மாநிலம், நம் நடிகைகளும் வேலை செய்யும் துறை.

அமெரிக்காவில் 2018 முதல் எச்பிஓ தொலைக்காட்சி நிறுவனம், நெருக்கமான காட்சிகளுக்கென்று ஓர் ஒருங்கிணைப்பாளரைப் படப்பிடிப்பில் வைக்கத் தொடங்கியது. சண்டைக் காட்சிக்கு ஸ்டன்ட் மாஸ்டர் இருப்பதைப் போல இவர். எந்த இடத்தைத் தொடலாம், எது கேமராவில் விழும், அங்கே யார் நிற்கலாம் என்பதை முன்பே எழுதி, ஒத்திகை பார்த்து, கேமரா ஓடும்போது மீறல் வந்தால் நிறுத்தவும் செய்வார். 2022-இல் இந்தியில் 'கெஹ்ராயியான்' படத்தில் அப்படிப்பட்ட ஒருவர் வேலை செய்ததும் இங்கே அது செய்தியானது. தமிழில் 2019-இல் 'ஆடை' படத்தில் அமலா பால் நடித்ததைப் பற்றிய பேச்சு முழுக்க அவர் துணிந்தாரா, தவறினாரா என்று சுற்றிச் சுற்றியே வந்தது. நம்பிக்கையான சிறு குழுவை மட்டும் வைத்து எடுத்ததாக அவர் சொன்ன பகுதிதான் உண்மையில் புதிய செய்தி. அதை யாரும் தலைப்பாக்கவில்லை.

2023 திருத்தத்தில் 'யு/ஏ' சான்றிதழ் 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரிந்துவிட்டது. ஓடிடிக்கு 2021 விதிகளின்படி படத்தை வெளியிடும் தளமே வயது குறித்துக்கொள்கிறது. பார்ப்பவருக்கான ஏற்பாடு ஓரளவு முடிந்தது. நடிப்பவருக்கான ஏற்பாடுதான் பாக்கி. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் வருஷம் முழுக்க ஷூட்டிங் நடக்கிறது. வீட்டு வாடகைக்கு எழுதும் ஒப்பந்தத்தில் ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழுந்தால் யார் பொறுப்பு, பர்மாத் தேக்குத் தூணில் ஆணி அடிக்கலாமா என்றெல்லாம் எழுதி வாங்குகிறோம். அதே வீட்டுக்குள் நடிக்க வருகிற பெண்ணின் ஒப்பந்தத்தில் எந்த அளவு தெரியும், எந்தக் கோணத்தில், படத்தொகுப்பு முடிந்ததை அவர் பார்த்து மறுக்கலாமா, பயன்படுத்தாத பதிவை யார் முன்னிலையில் அழிப்பது, அந்தக் காட்சியை டிரெய்லரிலும் போஸ்டரிலும் போடலாமா என்ற ஐந்தும் எழுத்தில் இருக்கவேண்டும். கேமரா ஆன் ஆவதற்கு முந்தின நாள் வரை அவர் மனம் மாறலாம் என்பதும்.